பார்வை எனும் பெயர்: ஐஸ்லாந்துக் கவிஞர் சியோன்

நான்கு இலட்சத்துக்கும் குறைந்த மக்களே தாய்மொழியாகக் கொண்ட ஒரு மொழியிலே ஒருவர் நூல் எழுத எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்நூலை எத்தனை பேர் வாங்குவர்? எத்தனை பேர் வாசிப்பர்? அம்மொழி வழங்கும் நாட்டுக்கு அப்பால் அந்நூலின் பெயரையேனும் எவரும் அறிவரோ? வரவு செலவுக் கணக்கு ஒன்றையே கருதுபவரிடம் இவ்வினாக்களை விடுத்தால், "பெரியதொரு மொழியிலே எழுதப் பழகிக்கொள்ளும்; அன்றேல் வேறு தொழிலை நாடும்" என்றே அவர் விடை பகர்வார்.

அத்தகைய சிறு மொழி ஒன்றிலே, பதினைந்து வயதிலே முதற் கவிதைத் தொகுதியை வெளியிட்டு, அதே மொழியிலேயே தொடர்ந்து எழுதி, இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளிலே வாசிக்கப்படுகின்ற ஒருவரைப் பற்றியே இன்று தங்களுடன் பேச விரும்புகிறேன். அவர் நாடு ஐஸ்லாந்து. அவர் பெயர் சியோன்.

ஐஸ்லாந்து என்பது வட அத்திலாந்திக் சமுத்திரத்திலே, துருவ வட்டத்தை அடுத்துக் கிடக்கும் ஒரு தீவு. பனிப்பாறை ஒருபுறம், எரிமலை மறுபுறம், கொதிநீர் ஊற்றுக்கள் இடையிடையே. இவற்றைச் சுற்றிக் குளிர்ந்த கடல். ஒன்பதாம் நூற்றாண்டிலே நோர்வேயிலிருந்து கடல் கடந்து வந்தோர் அங்கே குடியேறினர். மரம் அருகிய அந்நாட்டிலே அவர்கள் எழுப்பிய மாட மாளிகைகள் என்று சொல்லத்தக்கவை அதிகம் இல்லை. ஆனால் கன்றின் தோலைப் பதப்படுத்தி, அதன்மேல் தம் முன்னோரின் வரலாறுகளை எழுதிவைத்தனர். 'சாகா' எனப்படும் அவ்வுரைநடைக் கதைகள் பெரும்பாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டிலே எழுத்துருப் பெற்றவை. ஐஸ்லாந்து மொழி பிற ஐரோப்பிய மொழிகளைப்போல் வேகமாக மாறாத காரணத்தால், இன்றைய பள்ளிச் சிறுவனும் சிறிது உதவி கொண்டு அக்கதைகளை வாசித்துவிடுவான். கோயிலும் கோட்டையும் பிற நாடுகளுக்கு எவ்வாறோ, அவ்வாறே ஐஸ்லாந்துக்கு அதன் ஏடுகள்.

அந்நாட்டுப் பண்ணை வீடுகளிலே முற்காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பகல் மிகக் குறுகிய குளிர்கால மாலைகளிலே வீட்டார் யாவரும் ஓர் அறையிலே கூடுவர். சிலர் கம்பளி நூற்பர், சிலர் பின்னுவர். ஒருவர் விளக்கருகே அமர்ந்து கதையோ செய்யுளோ உரக்க வாசிப்பார். கைகள் வேலை செய்யச் செவிகள் கதை கேட்கும். 'மாலை விழிப்பு' என்று பொருள்படும் பெயர் இவ்வழக்கத்துக்கு உண்டு. தத்தம் வேலைகளினிடையே வானொலிக்குச் செவி கொடுக்கும் நேயர்களாகிய தங்களுக்கு இவ்வழக்கத்தின் சுவையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இலக்கியம் என்பது கற்றோர் சிலருடைய உடைமையாக ஒதுங்கிவிடாமல், வீட்டு வேலையோடு வேலையாக நிலைத்த நாடு அது. 1955ஆம் ஆண்டிலே ஹல்தோர் லக்ஸ்னெஸ் என்பார் இலக்கியத்துக்கான நோபெல் பரிசை அந்நாட்டுக்குப் பெற்றுக் கொடுத்தார்.

இந்த மரபிலே வந்தவர் சியோன். ஆனால் அவர் இம்மரபுக்குள் நுழைந்த வாயில் சற்று வேறானது.

1962ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 27ஆம் நாள், தலைநகராகிய றேய்க்யவிக்கிலே அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சிகுர்யோன் பிர்கிர் சிகுர்த்சொன். ஐஸ்லாந்திலே பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் என்பது இல்லை. சிகுர்த்சொன் என்றால் 'சிகுர்தரின் மகன்' என்பதே பொருள். தந்தையின் பெயரோடு மகன் என்றோ மகள் என்றோ சேர்த்துக்கொள்வதே அங்கு வழக்கம். தந்தை பெயரை முன்னிறுத்தி வழங்கும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. சிகுர்யோன் என்னும் தம் பெயரின் முதலெழுத்தையும் கடைசிப் பகுதியையும் சேர்த்துச் 'சியோன்' என்று அவர் புனைபெயர் வைத்துக்கொண்டார். அச்சொல்லுக்கு ஐஸ்லாந்து மொழியிலே ஒரு பொருள் உண்டு. 'பார்வை' என்பதே அது. 1978ஆம் ஆண்டிலே வெளிவந்த அவருடைய முதற் கவிதைத் தொகுதியின் பெயரும் 'காட்சிகள்' என்று பொருள்படுவதே. பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவன் தன் பெயரைப் பார்வை என்றும் தன் நூலைக் காட்சிகள் என்றும் அழைத்தபோது, அது இளமையின் துடுக்கு என்று தோன்றியிருக்கலாம். அவர் பிற்காலத்திலே எழுதியவற்றை நோக்குவோருக்கு, அப்பெயர் ஒரு தொழிலை ஏற்றுக்கொண்ட சத்தியமாகவே தென்படும். எவரும் பாராது விட்டவற்றைப் பார்ப்பதே அத்தொழில்.

அவர் இளமையிலே வாழ்ந்த பிரெய்த்ஹொல்ற் என்னும் புறநகர்ப் பகுதி, 1960களிலும் எழுபதுகளிலும் எழுந்த அடுக்கு மாடிக் குடியிருப்புக்கள் நிறைந்தது. சாகாக் கதைகளில் வரும் பண்ணையும் குதிரையும் அங்கே இல்லை. சீமெந்துச் சுவர்களே இருந்தன. அங்கே 1979ஆம் ஆண்டிலே சியோனும் அவருடைய நண்பர் சிலரும் 'மெடூசா' என்னும் பெயரால் ஒரு கவிஞர் குழுவை அமைத்தனர். 'சர்றியலிசம்' என்ற கலைக்கொள்கையே அக்குழுவினரைக் கவர்ந்தது. 1920களிலே பாரிஸ் நகரில் அந்திரே பிரெத்தோன் என்பவர் தலைமையிலே தோன்றிய அவ்வியக்கம், கனவுக்கும் நனவுக்கும் இடையே நாம் எழுப்பியிருக்கும் மதிலை இடித்துவிட முயன்றது. அறிவின் காவலுக்கு அகப்படாது அடிமனத்திலே ஒளிந்து கிடப்பவற்றை வெளியே கொணர்வதே கவிஞனின் கடமை என்று அது கருதியது.

பாரிஸ் நகரத்துப் புதுமை ஐஸ்லாந்துப் புறநகரிலே எவ்வாறு வேர் கொண்டது என்று தாங்கள் வியக்கலாம். அதற்குரிய நிலம் அங்கே முன்னரே பண்பட்டிருந்தது. ஐஸ்லாந்து மக்களின் நாட்டுக் கதைகளிலே பாறைக்குள் வாழும் மறை மாந்தரும், கடலிலிருந்து எழுந்து வரும் விலங்குகளும், இறந்தபின் நடமாடும் மனிதரும் இயல்பாக உலவுவர். கனவும் நனவும் பிரியாத கதைகளைப் பாட்டிமார் சொல்லிக் கேட்ட நாட்டிலே, சர்றியலிசம் அயலாரின் சரக்காகத் தோன்றாது. மறந்துபோன உறவினர் வீடு திரும்பியதைப் போன்றே தோன்றும். சியோனின் எழுத்துக்குரிய தனிச்சுவை இந்த இரண்டும் கூடிய கூட்டிலேயே பிறந்தது.

மெடூசாக் குழுவைச் சேர்ந்த இளைஞர் சிலர் பின்னர் இசைத்துறையிலும் புகுந்தனர். 1986ஆம் ஆண்டிலே தோன்றிய 'சுகர்கியூப்ஸ்' என்னும் இசைக்குழு ஐஸ்லாந்தின் பெயரை உலகெங்கும் பரப்பியது. அக்குழுவின் பாடகி பியோர்க். அவரும் சியோனும் இளமை தொட்டே நண்பர். பியோர்க் தனித்துப் பாடத் தொடங்கியபின், 'இசபெல்', 'யோகா', 'பச்சலரெற்' முதலிய அவருடைய பாடல்கள் பலவற்றைச் சியோன் தனித்தோ அவருடன் சேர்ந்தோ இயற்றினார். 2000ஆம் ஆண்டிலே வெளிவந்த 'டான்சர் இன் த டார்க்' என்னும் திரைப்படத்தின் பாடல் ஒன்றுக்காகப் பியோர்க்கும், நெறியாளர் லார்ஸ் வொன் திரியரும், சியோனும் மறுவாண்டு ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டனர். பார்வையை இழந்துகொண்டிருக்கும் ஒரு தொழிலாளப் பெண்ணின் பாடல் அது. பார்வை என்று பெயர் பூண்ட கவிஞருக்கு அப்பாடல் வந்து வாய்த்தது பொருத்தமானதே. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரிலே ஒலிம்பிக் விழாவின் தொடக்க நாளிலே பியோர்க் பாடிய 'ஓஷியானியா' என்னும் பாடலை ஆக்கியதிலும் சியோனுக்குப் பங்குண்டு. அதிலே பேசுவது கடல். கரையேறிய உயிர்களைத் தாய் பிள்ளைகளை நோக்குவதுபோல் கடல் நோக்குகிறது.

இவ்வளவு புகழ் பாடல்களால் வந்தபின், ஆங்கிலப் பாடலாசிரியராகவே அவர் வாழ்ந்திருக்கலாம். பொருளும் கிடைத்திருக்கும், கேட்போர் தொகையும் பெருகியிருக்கும். ஆயினும் தம் நாவல்களையும் கவிதைகளையும் அவர் ஐஸ்லாந்து மொழியிலேயே தொடர்ந்து எழுதினார். அவற்றுள்ளே முக்கியமான சிலவற்றை இனி நோக்குவோம்.

2003ஆம் ஆண்டிலே 'ஸ்குக்கா பால்துர்' என்னும் அவருடைய சிறு நாவல் வெளிவந்தது. ஆங்கிலத்திலே இதற்கு 'நீல நரி' என்று பெயர். ஐஸ்லாந்தின் நாட்டுக் கதைகளிலே 'ஸ்குக்கா பால்துர்' என்பது பூனைக்கும் நரிக்கும் பிறந்த கொடிய விலங்கின் பெயர். நரியைக் கதைக்கு எடுத்துக்கொண்டதிலும் பொருத்தம் உண்டு. மனிதர் குடியேறுமுன்னரே அத்தீவிலே வாழ்ந்த நிலவிலங்கு துருவ நரி ஒன்றே.

கதை 1883ஆம் ஆண்டு தை மாதத்திலே நிகழ்கிறது. பால்துர் என்னும் பாதிரியார் துப்பாக்கியுடன் பனி வெளியிலே ஒரு நீல நரியைத் துரத்திச் செல்கிறார். இப்பகுதியிலே பக்கங்கள் பலவற்றில் சில வரிகளே உள்ளன. எஞ்சிய தாள் வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. வாசிப்பவனுக்கு அவ்வெண்தாளே பனிவெளியாகிவிடுகிறது. கவிதை எழுதிப் பழகிய கை என்பதை இங்கே நாம் கண்டுகொள்ளலாம். அடுத்த பகுதியிலே பிரித்ரிக் என்னும் இயற்கை நூல் அறிஞர் வருகிறார். கொப்பன்ஹேகனிலே படித்தவர், பெற்றோரின் மறைவுக்குப்பின் பண்ணையின் அலுவல்களை முடித்துவிட்டுத் திரும்பிச் செல்லவே 1868இல் ஊருக்கு வந்தவர். ஆனால் அவர் திரும்பவில்லை. அப்பா என்னும் பெண்ணொருத்தியை அவர் அங்கே கண்டார். அப்பா என்பது அவளுக்கு வழங்கிய செல்லப் பெயர். நம் மொழிச் சொல்லோடு அது ஒலியால் ஒத்தது தற்செயலே. கரைதட்டிய கப்பலொன்றிலிருந்து மீட்கப்பட்ட அவளை ஏற்பார் எவரும் இலர். இன்று மருத்துவர் 'டவுண் நோய்க்குறி' என்று அழைக்கும் நிலையோடு பிறந்தவள் அவள். ஆங்கில மருத்துவராகிய லாங்டன் டவுண் அந்நிலையை விவரித்து எழுதியது 1866ஆம் ஆண்டிலேயே. அக்காலத்திலே அத்தகைய குழந்தைகள் பிழைத்து வளர்வதே அரிதாயிருந்தது என்பதை நாவல் மறைக்காமல் கூறுகிறது. பிரித்ரிக் அவளைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று வாழவைத்தார். கதை தொடங்கும்போது அவள் இறந்துவிட்டாள். அவர் அவளுக்குச் சவப்பெட்டி செய்துகொண்டிருக்கிறார்.

நரியைத் துரத்தும் பாதிரியாருக்கும் இறந்துபோன அப்பாவுக்கும் இடையே என்ன தொடர்பு? அதை நான் கூறிவிட்டால் நூலை வாசிக்கப்போகும் நேயர்களுக்கு அநீதி செய்தவனாவேன். இவ்வளவு மட்டும் சொல்வேன்: வேட்டையாடுபவன் யார், விலங்கு யார் என்ற வினா நூலை மூடியபின்னும் நம்மை விட்டு நீங்காது. நூறு பக்கங்களை ஒட்டிய இச்சிறு நூலுக்கு 2005ஆம் ஆண்டிலே நோர்டிக் கவுன்சிலின் இலக்கியப் பரிசு வழங்கப்பட்டது. 1962இலே, சியோன் பிறந்த அவ்வாண்டிலேயே, தொடங்கப்பட்ட பரிசு அது. அப்பரிசுக்கு அனுப்பப்படும் ஐஸ்லாந்து நூல்களை நடுவர் பலரும் மூலத்திலே வாசிக்க இயலாது. ஸ்காந்திநேவிய மொழி ஒன்றிலே பெயர்த்தே அவற்றை அவர்முன் வைப்பர். அயல் நாட்டினர் பலர் தம் தாய்மொழியிலே எழுதியதை மூலமாகவே முன்வைக்க, ஐஸ்லாந்து ஆசிரியர் இன்னொருவர் குரலின் வழியாகப் பேச வேண்டியவராகிறார். சிறு மொழியிலே எழுதுவோருக்கு மொழிபெயர்ப்பாளர் எத்துணை இன்றியமையாதவர் என்பது இதனால் விளங்கும். சியோனின் நாவல்கள் பலவற்றை ஆங்கிலத்துக்குக் கொணர்ந்த விக்ரோறியா கிறிப் அம்மையாரின் பெயரையும் இங்கே நன்றியுடன் குறிப்பிடுதல் தகும்.

2008ஆம் ஆண்டிலே வெளிவந்த அவருடைய மற்றொரு நாவலை ஆங்கிலத்திலே 'திமிங்கிலத்தின் வாயிலிருந்து' என்னும் பொருள்படும் பெயரால் அறிவர். இது பதினேழாம் நூற்றாண்டுக் கதை. யோனாஸ் பால்மசொன் என்னும் கிராமத்து அறிஞர், சூனியம் செய்தார் என்ற பழி சுமத்தப்பட்டு ஒரு தனித் தீவிலே தள்ளப்படுகிறார். பறவை, மீன், செடி, கல் ஆகிய யாவற்றையும் ஆராய்ந்து, தனிமையிலே தமக்குத்தாமே பேசிக்கொள்கிறார். இப்பாத்திரத்துக்கு மூலமானவர் உண்மையாக வாழ்ந்தவர். 'கற்றவர் யோன்' என்று அழைக்கப்பட்ட யோன் குத்முந்சொன் என்பவரே அவர். அவர் காலம் 1574 முதல் 1658 வரை. 1615ஆம் ஆண்டிலே பாஸ்க் தேசத்துத் திமிங்கில வேட்டைக்காரர் சிலர், கப்பல் உடைந்து ஐஸ்லாந்தின் மேற்குக் கரையிலே தவித்தபோது, அங்கிருந்த அதிகாரியின் ஏவலால் அவர்களுட் பலர் கொல்லப்பட்டனர். அது கொலையே என்று துணிந்து எழுதிவைத்தவர் யோன். அதனால் அவர் வலியோரின் பகையைத் தேடிக்கொண்டார். பாஸ்க் நாட்டவரைக் கொல்ல அன்று பிறப்பித்த கட்டளை, சரியாக நானூறு ஆண்டுகள் கழித்து, 2015ஆம் ஆண்டிலேயே அம்மாவட்டத்திலே முறைப்படி நீக்கப்பட்டது. ஒரு தனி மனிதன் ஏட்டிலே எழுதிவைத்த உண்மைக்கு நாடு செவி சாய்க்க எத்தனை தலைமுறை காத்திருக்க நேர்ந்தது, பாருங்கள்.

அந்நாவலிலே யோனாஸ் கொப்பன்ஹேகனுக்குச் சென்று ஓலே வொர்ம் என்னும் பேரறிஞரைக் காண்கிறார். வொர்மும் வரலாற்று மனிதரே. அக்காலத்து மன்னர் பொன்னினும் உயர்வாகப் போற்றிய 'ஒற்றைக் கொம்புக் குதிரையின் கொம்பு', உண்மையிலே வடகடலில் வாழும் நார்வால் என்னும் திமிங்கில வகையின் நீண்ட பல்லே என்று 1638ஆம் ஆண்டிலே மெய்ப்பித்தவர் அவர். மூட நம்பிக்கையும் அறிவியலும் ஒரே மனத்திலே குடியிருந்த காலத்தைச் சியோன் எள்ளி நகையாடுவதில்லை. பழங்காலத்தவரின் வியப்பை அவர் மதிக்கிறார். யோனாஸின் பேச்சிலே பொய்யான செய்திகள் நிரம்பவுண்டு. ஆயினும் உலகத்தை அவர் நோக்கிய அன்பு மெய்யானது. இந்நாவல் 2013ஆம் ஆண்டிலே டப்ளின் நகரத்து அனைத்துலக இலக்கியப் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

அதே 2013ஆம் ஆண்டிலே 'மானஸ்தெய்ன்' வெளிவந்தது. 'சந்திர காந்தக் கல்' என்று பெயரின் பொருளைக் கூறலாம். அது 1918ஆம் ஆண்டின் கதை. அவ்வாண்டு ஐஸ்லாந்துக்கு மறக்க முடியாத ஆண்டு. ஒக்டோபர் மாதத்திலே கத்லா என்னும் எரிமலை வெடித்தது. சில வாரங்களிலே 'ஸ்பானியக் காய்ச்சல்' எனப்பட்ட கொள்ளை நோய் கப்பலேறி வந்து இறங்கியது. ஏறக்குறைய பதினையாயிரம் மக்கள் வாழ்ந்த தலைநகரிலே பெரும்பாலானோர் படுக்கையிலே வீழ்ந்தனர். நாடு முழுவதிலும் ஐந்நூறு பேரளவில் மாண்டனர். டிசம்பர் முதலாம் நாள், டென்மார்க் மன்னரின் கீழ்த் தன்னாதிக்கம் பெற்ற நாடாக ஐஸ்லாந்து கொடியேற்றிக் கொண்டாடியது. வரலாற்று நூல்கள் இம்மூன்றையும் கூறும். சியோனோ இம்மூன்றின் நடுவிலும் ஓர் அநாதைச் சிறுவனை நிறுத்துகிறார். அவன் பெயர் மானி, வயது பதினாறு. நகரிலிருந்த இரண்டு பட மாளிகைகளே அவனுக்குப் பள்ளியும் கோயிலும். ஆண்களையே நாடும் இயல்புடையவனாதலால், அக்காலச் சமூகத்திலே வெளிப்பட வாழ இயலாதவன். நகரம் நோயுற்றபோது வைத்தியருக்குத் துணையாக வீடு வீடாகச் சென்றவன் அவன். ஆனால் நாடு தன் உரிமையைக் கொண்டாடும் அந்நாளிலேயே அவன் அகப்படுகிறான், நாட்டைவிட்டே அனுப்பப்படுகிறான். "யாருக்கு வந்தது இச்சுதந்திரம்?" என்று ஆசிரியர் கேட்கவில்லை. கேளாமலே நம்மைக் கேட்கவைக்கிறார். இந்நாவலுக்கு அவ்வாண்டுக்கான ஐஸ்லாந்து இலக்கியப் பரிசு கிடைத்தது.

அப்பா, யோனாஸ், மானி ஆகிய மூவரையும் அருகருகே வைத்துப் பார்ப்போமாயின் ஒன்று புலனாகும். மூவரும் தத்தம் காலத்தின் ஏடுகளிலே இடம்பெறத் தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர். அவர்கள் வாழ்ந்ததற்கே சான்று இல்லாதவாறு துடைத்துவிட முயன்றது அவர் சமூகம். சியோன் அவர்களுக்காக வழக்காடுவதில்லை; உபதேசமும் செய்வதில்லை. அவர்கள் கண்ட உலகத்தை அவர்கள் கண்ணாலேயே நமக்குக் காட்டிவிடுகிறார். ஒருவன் எதைக் கண்டான், எதைக் கனவு கண்டான் என்பதை அறிந்தபின் அவனை இல்லாதவன் என்று தள்ளிவிட நம்மால் முடியாது. இதற்காகவே அவருக்குச் சர்றியலிசம் தேவைப்பட்டது. வேடிக்கைக்காக விநோதங்களை அடுக்குவோர் பலர். ஒடுக்கப்பட்டோரின் உள்ளத்திலே உண்மை கனவுருவிலேயே பிழைத்துக் கிடக்கும் என்பதை உணர்ந்து எழுதியவர் இவர்.

இம்முறைக்கு உச்சமாக விளங்குவது 'கோடெக்ஸ் 1962' என்னும் முப்பாக நாவல். முதற்பாகம் 1994இலும், இரண்டாம் பாகம் 2001இலும், மூன்றாம் பாகம் 2016இலும் வந்தன. ஒரு கதையை முடிக்க இருபத்திரண்டு ஆண்டுகள்! யேர்மனியிலிருந்து தப்பி வந்த லெவே என்னும் யூத அகதி ஒருவர், களிமண்ணாற் செய்த ஒரு குழந்தையைத் தொப்பிப் பெட்டியிலே வைத்து ஐஸ்லாந்துக்குக் கொணர்கிறார். களிமண் உருவுக்கு உயிரூட்டுதல் யூதர்களின் பழங்கதைகளிலே காணப்படும் செய்தி. அக்குழந்தை உயிர்பெறும் நாள் 1962 ஓகஸ்ட் 27. ஆசிரியர் பிறந்த அதே நாள். உலகம் கைவிட்டோரைச் சுமந்து வந்த பெட்டியோடு தம் பிறப்பையும் பிணைத்துக்கொண்டார் சியோன்.

2019ஆம் ஆண்டிலே எழுதிய நாவலிலோ அவர் எதிர்ப்புறத்தை நோக்கினார். 1962ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலே, புகையிரத வண்டி ஒன்றில் ஐஸ்லாந்து இளைஞன் ஒருவன் இறந்து கிடக்கிறான். இரண்டாவது மகா யுத்தம் முடிந்து ஆண்டுகள் பல கழிந்தபின்னும் நாசிக் கொள்கையைப் பரப்ப முயன்றவன் அவன். சாதாரணக் குடும்பத்திலே, அன்பு நிறைந்த வீட்டிலே வளர்ந்த பிள்ளை எவ்வாறு வெறுப்பின் தூதனானான் என்று ஆசிரியர் பொறுமையோடு ஆராய்கிறார். இங்கே கனவில்லை, மாயமில்லை. நடை வறண்டு, தெளிந்து நிற்கிறது. வெறுப்புக்குக் கவிதையின் அணிகலன்களை அணிவிக்கக் கூடாது என்று எண்ணினார் போலும்.

திரைப்படத்துறையிலும் அவர் பங்கு உண்டு. 2021இலே கான் திரைப்பட விழாவிலே பரிசு பெற்ற 'லாம்ப்' என்னும் ஐஸ்லாந்துப் படத்தின் கதையை நெறியாளருடன் சேர்ந்து எழுதினார். 2022இலே வெளிவந்த 'த நோர்த்மன்' படத்தின் கதையையும் றொபேர்ட் எகர்ஸ் என்பவருடன் சேர்ந்து எழுதினார். ஷேக்ஸ்பியரின் ஹம்லெற் நாடகத்துக்கு மூலமான அம்லெத் என்னும் வடநாட்டு இளவரசனின் கதை அது. 2023ஆம் ஆண்டிலே சுவீடிஷ் அக்கடமி தன் நோர்டிக் பரிசை அவருக்கு வழங்கியது. நோபெல் பரிசை வழங்கும் அதே கழகம் வழங்குவதால் 'சிறு நோபெல்' என்று இதனை அழைப்போரும் உண்டு.

நேயர்களே, இவ்வளவு பரிசுகளையும் கூறிவிட்டேன். ஆயினும் அவர் வாழ்விலே என் உள்ளத்தைப் பெரிதும் தொட்டது, அவர் எவருக்கும் காட்டாது மூடிவைத்த ஒரு நூலே.

நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோவை அடுத்த காட்டிலே 2014ஆம் ஆண்டில் ஆயிரம் மரக்கன்றுகள் நடப்பட்டன. கேற்றி பாற்றர்சன் என்னும் ஸ்கொத்லாந்துக் கலைஞரின் எண்ணத்தில் உதித்த 'எதிர்கால நூலகம்' என்பது அதன் பெயர். ஆண்டுக்கு ஓர் எழுத்தாளர் ஒரு புதிய நூலை எழுதிக் கையளிப்பார். அதை எவரும் வாசிக்கலாகாது. நூறாண்டு கழிந்து 2114ஆம் ஆண்டிலே அம்மரங்களை வெட்டிக் காகிதமாக்கி அந்நூல்கள் அச்சிடப்படும். முதலாவது எழுத்தாளர் கனடா நாட்டு மார்கறெற் அற்வுட், இரண்டாமவர் ஆங்கிலேயராகிய டேவிட் மிச்செல், மூன்றாமவர் சியோன். 2017ஆம் ஆண்டு யூன் மாதத்திலே அவர் அக்காட்டுக்குச் சென்று தம் கையெழுத்துப் பிரதியை ஒப்படைத்தார்.

முதல் இருவரும் ஆங்கிலத்திலே எழுதினர். நூறாண்டுக்குப் பின்னும் ஆங்கிலத்தை வாசிப்போர் இருப்பர் என்பதிலே அவர்களுக்கு ஐயம் எழ நியாயமில்லை. சியோனுக்கு அந்த உறுதி இல்லை. தாம் எழுதும் மொழியை அறிந்தோர் அக்காலத்திலே இருப்பரோ என்ற வினா, அழைப்பை ஏற்றபோது அவரே எழுப்பியதொன்று. அது வீண் அச்சம் அன்று. ஐஸ்லாந்து மக்கள் தம் மொழியைக் காப்பதிலே கண்ணுங் கருத்துமாக இருப்பவர். தொலைபேசி வந்தபோது, 'நூலிழை' என்று பொருள்பட்ட மறைந்துபோன பழஞ்சொல் ஒன்றை எடுத்து அதற்குப் பெயராக வைத்தனர். கணினி வந்தபோது 'எண்' என்ற சொல்லையும் 'குறிசொல்லும் மூதாட்டி' என்ற சொல்லையும் இணைத்துப் புதுப்பெயர் படைத்தனர். ஆயினும் இன்று ஐஸ்லாந்துப் பிள்ளைகள் கையிலேந்தும் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசுகின்றன. எரிமலைக்கும் கொள்ளை நோய்க்கும் அந்நிய ஆட்சிக்கும் தப்பிய மொழி, இந்த ஓயாத மெல்லிய ஒலிக்கும் தப்புமோ என்று அந்நாட்டு அறிஞர் கவலை கொண்டிருக்கின்றனர்.

இதையெல்லாம் அறிந்தும் சியோன் அந்நூலை ஐஸ்லாந்து மொழியிலேயே எழுதிவைத்தார். எழுதப்பட்ட ஒவ்வொரு நூலும் யாரோ ஒருவர் வாசிப்பார் என்னும் நம்பிக்கையின் விதையே. ஆனால் தன் மொழி வாழுமோ என்று ஐயுறுபவன், நூறாண்டுக்குப் பின் வரும் வாசகனுக்காக அம்மொழியிலேயே எழுதிவைப்பது வெறும் நம்பிக்கையிலும் சற்று மேலானது. அது பின்வருவோர்மேல் ஏற்றிவைத்த ஒரு கடன். "உங்களுக்கென ஒன்று வைத்திருக்கிறேன், அதைத் திறக்கும் சாவியைத் தொலைத்துவிடாதீர்கள்" என்று பிறவாத பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்புவதற்கு அது ஒப்பாகும்.

பாராது விடப்பட்டோரைப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட கவிஞர், தாம் ஒருபோதும் பார்க்க இயலாத வாசகர்களையும் பார்த்துவிட்டார். ஒஸ்லோக் காட்டிலே அம்மரங்கள் இக்கணத்திலும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவை காகிதமாகும் நாளிலே, ஐஸ்லாந்தின் ஏதோ ஒரு வீட்டிலே, குளிர்கால மாலைப்பொழுதிலே ஒருவர் அந்நூலை விரித்து உரக்க வாசிக்க, வீட்டார் தத்தம் வேலையோடு அமர்ந்து கேட்பராயின், ஒரு சிறு மொழியின்மேல் ஒரு மனிதர் வைத்த நம்பிக்கை அன்று நிறைவேறும்.